தொப்பி இல்லாத போட்டோ

முகத்தில் குறை என்று என் ஸ்டூடியோவுக்கு வந்த யாரும் குறையோடு வெளியே போனதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஜெயபாய் என்று சொல்லி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேமரா பிடிப்பது என் வீட்டுக்காரர்தான், ஆனால் லைட்டு என் கையில். அன்றைக்கு அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் கேமராவும் என் கையில்.

எண்பத்தேழாம் வருஷம். வன்னியம்பட்டி பால்ச்சாமி வந்து நின்றார். பட்டாளத்தில் டிரைவர். தலையில் தொப்பி.

“அக்கா, தொப்பி இல்லாம ஒரு போட்டோ வேணும். பொண்ணு வீட்டுல கேக்காவ.”

“அதுக்கென்ன, கழட்டுங்க தம்பி.”

கழற்றினார். அடேயப்பா! உச்சி வரைக்கும் ஒரு முடி இல்லை. முகமோ அத்தனை களையான முகம். ராஜபாளையத்தில் இரண்டு இடத்தில் எடுத்துப் பார்த்து, இரண்டையும் கிழித்துப் போட்டாராம். இதற்கு முன் பேசிய சம்பந்தமெல்லாம் தொப்பியைக் கழற்றியதும் தட்டிப் போயிருக்கிறது. இந்த லீவில் அமையாவிட்டால் இனிமேல் பெண் பார்க்கவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முடியா குடும்பம் நடத்தப் போகிறது?

“பொண்ணு எந்த ஊரு?”

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். அட, போன வாரம் நான் எடுத்த போட்டோ! கூமாப்பட்டி சண்முகத்தாய். முன்பல் இரண்டும் எடுப்பாக இருக்கும். “உதட்டை மூடுட்டி, மூடுட்டி” என்று அதட்டித்தான் எடுத்தேன். சிலை மாதிரி விழுந்திருந்தாள். பல் விஷயத்தை இவரிடம் சொல்வேனா நான்? இந்தச் சோடியை நான் சேர்த்து வைக்காமல் வேறு யார் சேர்ப்பது? கை பரபரத்தது.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். பளபளப்பு போக மண்டையில் பவுடரை ஒற்றினேன். முடிக்கு மினுக்குக் கொடுக்கும் பின்பக்க லைட்டை அணைத்தேன். குடை லைட்டை ஒரு பக்கமாக, முகத்தில் மட்டும் விழும்படி இறக்கினேன். கேமரா ஸ்டாண்டையும் தாழ்த்தினேன்.

“நாடியச் செத்த தூக்குங்க. தோள அங்கிட்டுத் திருப்புங்க. கண்ணு மட்டும் எங்கிட்ட.”

கேமராவுக்குள் பார்த்தேன். நெற்றிக்கு மேலே உள்ளதெல்லாம் பின்னால் சாய்ந்து இருட்டோடு இருட்டாகிவிட்டது. ராசா மாதிரி இருந்தார்!

“ஐயோ தம்பி, அசையாதீங்க, அசையாதீங்க!” என்று கத்தியேவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் திரை விலகியது. சண்முகத்தாயும் அவள் அம்மா பெத்தம்மாளும் உள்ளே வந்தார்கள்.

“அக்கா, எனக்கு இன்னொரு போட்டோ எடுக்கணும். பல்லு தெரிய.”

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?”

“மாப்பிள்ளையத் தொப்பியக் கழட்டச் சொன்னது நான்தான். நான் மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்தா நியாயமா?”

பெத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “வழி நெடுகச் சொல்லிட்டு வாரேன், கேக்க மாட்டேங்கா.”

தொப்பி போட்ட போட்டோவில் மட்டுமே பார்த்திருந்ததால் ஸ்டூலில் இருப்பவர் யாரென்று அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காதே தம்பி, ஒரே ஒரு கிளிக், காரியம் முடிந்தது என்று கண்ணைக் காட்டினேன். மனுஷன் கேட்டால்தானே? கைக்குட்டையை எடுத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தார். எழுந்து, குடை லைட்டுக்கு நேரே வந்து தலையைக் குனிந்து காட்டினார். நான் பட்ட பாடு அத்தனையும் பாழ்!

“நான்தான் பால்ச்சாமி. எனக்கு முடி இம்புட்டுத்தான். பாத்துக்கிடுங்க.”

சண்முகத்தாய் கிட்டே வந்து அந்தத் தலையை எட்டிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பல் அத்தனையும் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு!

“இதுக்கா தொப்பிய மாட்டிக்கிட்டுத் திரிஞ்சீய? நான் குண்டடி பட்ட தழும்புன்னுல்ல பயந்துக்கிட்டு இருந்தேன்!”

அவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் இருக்கிற லைட்டை எல்லாம் போட்டேன்.

“தாலி ஏறாம ரெண்டு பேரையும் ஒண்ணா எடுக்கப்படாது!” என்று பெத்தம்மாள் குறுக்கே விழுந்தாள்.

சரி, தனித்தனியாகவே எடுத்தேன். அதே ஸ்டூலில் முதலில் அவர், பிறகு அவள்; ஒருவரை எடுக்கும்போது மற்றவர் கேமராவுக்குப் பக்கத்தில். எங்கே பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெத்தம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“லீவு இன்னும் எம்புட்டு நாள் இருக்கு, மாப்ள?”