கொக்குகளுக்கு எந்த இடம்?

பிப்ரவரி முடியப்போகிறது என்றாலே ஒகிஷிமாவுக்குச் சோறு இறங்காது. வரப்போகும் பேஸ்பால் பருவத்தில் ஆறு அணிகளில் எது முதலில் வரும், எது கடைசியில் நிற்கும் என்று வானொலியில் வரிசை சொல்ல வேண்டும். விளையாடி ஓய்ந்த எல்லா வர்ணனையாளர்களும் சொல்வதுதான். அவரவர் பழைய அணியை அவரவர் முதலிடத்தில் வைப்பது மரியாதை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால் கொக்குக்கு மட்டும் வேறா?

ஒகிஷிமாவின் அணி செதோ கொக்குகள். உள்கடல் ஓரத்து ஊரின் அணி. மூன்று வருடமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துவந்தது. "கொக்குன்னா ஒத்தக் கால்லயாவது நிக்கும், நம்ம பசங்க உக்காந்தே கெடக்கானுங்க" என்று மீன் சந்தையில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கும் போவார்கள், அது வேறு விஷயம்.

அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஹமாகவா. அவர் பந்து வீசிய காலத்தில், எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடித்தவர் ஒகிஷிமா. முப்பது வருடச் சிநேகம். அந்தச் சிநேகத்துக்குத்தான் இப்போது கண்டம் வந்திருந்தது.

போன வருடம் ஒகிஷிமா வழக்கப்படி கொக்குகளை முதலிடத்தில் வைத்தார். அணி கடைசியில் வந்தது. புத்தாண்டுக்கு மறுநாள் ஹமாகவா தொலைபேசியில் கூப்பிட்டார். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

"டேய் ஒகி, ஊர்ல எல்லாரும் எங்கள வெச்சு சிரிக்கிறானுங்க. பரவால்ல. நீயும் சேந்துகிட்டியேடா."

"நான் எங்கடா சிரிச்சேன்? மொதல்ல வெச்சேன்!"

"அதான் சொல்றேன். செத்த வீட்டுக்கு மாலை போடற மாதிரி வெச்ச. இந்த வருசமும் பாக்காம கொள்ளாம மொதல்ல வெச்சீன்னா நம்ம உறவு அதோட சரி. கடைசியில வேணா வையி. ஆனா பாத்துட்டு வையி."

ஆகவே ஒகிஷிமா மனைவி சுமியெயையும் கூட்டிக்கொண்டு, கொக்குகள் பயிற்சி எடுக்கும் மியாசாகிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் சாயங்காலம் அங்கிருந்தே நேரடி ஒலிபரப்பு. பார்ப்பதற்கு ஒன்றரை நாள்தான்.

முதல் நாள் நேராக வீச்சுப் பயிற்சிக் கொட்டகைக்குப் போனார். வாசலுக்கு வருமுன்பே சத்தம் கேட்டது. டமார்! டமார்! பந்து கையுறையில் விழுகிற ஓசை தகரக் கூரையில் மோதி இடிபோல் உருண்டது. ஒகிஷிமாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வலை ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். இவ்வளவு கனமாக விழுகிற பந்தை எவன் அடிக்க முடியும்? மூன்று வருடமாக அவர் மனசில் கிடந்த பாரம் கரைந்து போயிற்று. தாராளமாக மூன்றாம் இடம் சொல்லலாம். பொய்யும் இல்லை, முகத்தாட்சண்யமும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போன கடையில், முட்டைக் குழம்பு வழிய வழிய வந்த பொரித்த கோழியை ஒகிஷிமா ஒரு பிடி பிடித்தார். சுமியெ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு உங்களுக்குப் பசிக்குது?"

"மூணாவது இடம், சுமியெ! நீ அந்தச் சத்தத்தக் கேட்டிருக்கணும். அடேயப்பா!"

"சரி. பிடிச்சது யாரு?"

"ஸுகுதா. இந்த வருசம் புதுசா கொண்டாந்த பயிற்சிக்காரன்..."

ஒகிஷிமாவின் கோழித்துண்டு பாதி வழியில் நின்றது.

ஸுகுதா ஆட்டத்தில் இறங்குகிறவர் அல்லர். கொட்டகையில் பந்து பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். கையுறையின் பள்ளத்தில் வாட்டமாக வாங்கினால் சுமாரான பந்தும் இடிபோல் முழங்கும். வீசுகிறவனுக்குத் தன் கைமேல் நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகச் செய்கிற வித்தை அது. வெளியாள் ஏமாறலாம். ஆயுசெல்லாம் அதே வித்தையைச் செய்து பிழைத்தவர் ஏமாறலாமா?

சுமியெ சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஹமாகவா அண்ணன் பந்தை நீங்க முழங்க வெச்சதக் கேட்டுத்தான் நானும் ஏமாந்தேன். இவ்ளோ பெரிய சத்தத்தையே தாங்குறாரே, நம்மளயா தாங்க மாட்டாருன்னு கழுத்த நீட்டினேன்."

"இப்ப அதுவா முக்கியம்? நாளைக்கு என்னத்தச் சொல்றது?"

"போய்ப் பாருங்க. இன்னிக்குக் கேட்டீங்களே தவிர எங்க பாத்தீங்க?" என்றவள் கைப்பையைத் துழாவி இரண்டு பஞ்சு அடைப்பான்களை எடுத்து மேசையில் வைத்தாள். "உங்க குறட்டைக்கு வாங்கினது. நல்லா வேல செய்யும்."

மறுநாள் காலையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஒகிஷிமா கொட்டகையில் போய் நின்றார். உலகம் குளத்துக்குள் மூழ்கினாற்போல் ஆயிற்று. சத்தம் போனதும் ஆட்கள் தெரிந்தார்கள். பந்தில் அப்படியொன்றும் வேகம் இல்லை. இடக்கைக்காரன் ஒருவனுக்குத் தோள் பந்தை விடுமுன்பே முன்னால் திரும்பிவிடுகிறது. இவர்களா மூன்றாவது? கடைசிதான் என்று மனசு இறங்கத் தொடங்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. போன வருடம் இவர்களுக்குக் குறி தப்பினால் பந்து நெஞ்சுயரத்துக்கு ஏறும். எதிராளி அதைத் தட்டில் வைத்த பழமாக எடுத்துக்கொள்வான். இப்போதும் தப்பத்தான் தப்புகிறது. ஆனால் முழங்காலுக்குக் கீழே தப்புகிறது. ஒருவன் இல்லை, எல்லோருக்கும். அப்படித் தப்பினால் பிழைத்துக்கொள்ளலாம்.

வெளியே மைதானத்துக்குப் போனார். முதல் முனைக்காரன் பந்தெடுக்கப் போனால், வீசி முடித்தவன் நின்று வேடிக்கை பார்க்காமல் அந்த முனையைக் காக்க ஓடுகிறான். சொல்லாமலே ஓடுகிறான். மட்டை பிடிக்கிறவர்கள்தாம் பழைய கதை, அங்கே மாற்றமில்லை. ஒகிஷிமா மனசுக்குள் மற்ற ஐந்து அணிகளையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். கடலோரக் கரடிகள் அணியின் நல்ல வீச்சாளர்கள் இருவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள்...

தோளை யாரோ உலுக்கினார்கள். ஹமாகவா. வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. ஒகிஷிமா அடைப்பான்களைப் பிடுங்கினார்.

"செவுடாயிட்டியான்னு கேட்டேன்டா!" ஹமாகவா கத்தினார். அப்புறம் பஞ்சைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டியா?"

"நேத்து நல்லா ஏமாந்தேன். பத்திரிகைக்காரங்கள ஏமாத்தத்தான் ஸுகுதாவக் கூட்டியாந்தியா?"

"அவங்களுக்கு எதுக்குடா? பசங்களுக்கு. மூணு வருசமா ஏச்சுதான் கேட்டிருக்கானுங்க. காதுக்கு நல்லதா ஏதாச்சும் விழட்டுமேன்னுதான்." ஹமாகவா காலால் மண்ணைச் சீய்த்தார். "எனக்கு ஒருத்தன் செய்யலியா?"

ஒகிஷிமா திடுக்கிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"நீ விரல் ஒடிஞ்சு படுத்தப்ப இன்னொருத்தன் பிடிச்சான் பாரு. என் பந்து சோயாக்கட்டி தரையில விழுந்த மாதிரி சத்தம் போட்டுது. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. உன் விரல் சீக்கிரம் கூடணும்னு கோயில்ல காசு போட்டுக் கும்பிட்டேன்டா."

ஒகிஷிமா அடைப்பான்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஹமாகவா கேட்டார், "சரி, எங்க வைக்கப் போற?"

"ரேடியோவுல கேட்டுக்கோ."

சாயங்காலம் மைதானத்தின் வாயிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஒலிபரப்பு நடந்தது. ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்த ரசிகர்கள் கழுத்தில் வெள்ளைத் துவாலையோடு சூழ்ந்து நின்றார்கள். நிகழ்ச்சி நடத்தும் கானோ என்ற பெண் வாய்த்துடுக்குக்காரி.

"ஒகிஷிமா சார், மத்த எல்லாரும் கொக்குகளுக்கு ஆறாவது இடம் குடுத்துட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி. வழக்கம்போல மொதலிடந்தானே? எழுதிக்கவா?"

"அஞ்சாவது" என்றார் ஒகிஷிமா.

கானோ எழுதப்போன பேனாவை நிறுத்தினாள்.

"அஞ்சா? சார், பழைய அணிய யாரும் அஞ்சாவதுல வெச்சு நான் கேட்டதே இல்ல. கோவமா?"

"கோவமில்லம்மா, பாத்தேன்." அவர் சொல்லத் தொடங்கினார். கீழே தப்புகிற பந்து, சொல்லாமல் ஓடுகிற கால், மாறாத மட்டைக்காரர்கள், கரடிகள் இழந்துவிட்ட இருவர். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் பேசப்பேச முன்வரிசையில் நின்ற மீன்காரம்மா துவாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நெசமாத்தான் சொல்றீங்களா? அஞ்சா?"

"நெசமாத்தான்மா."

"அப்போ நமக்குப் பின்னால ஒருத்தன் நிப்பான்?"

"நிப்பான்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஏய், கேட்டீங்களா! நமக்குப் பின்னால ஒருத்தன் நிக்கப்போறானாம்! மொதலிடம்னு சொன்னப்பல்லாம் நம்ப முடிஞ்சுதா? இது நம்பற மாதிரி இருக்குல்ல?" கூட்டம் ஓவென்று கத்தியது. கோப்பை வென்ற ஊரில்கூட அப்படிக் கத்தியிருப்பார்களா, தெரியாது. இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று கானோ ஒலிவாங்கியை ஒரு கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒகிஷிமாவின் கண்கள் ஹமாகவாவைத் தேடின. கூட்டத்துக்குப் பின்னால், தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டு அவர் நின்றிருந்தார். முகம் பிடிபடவில்லை. அப்போது ஹமாகவா கையைத் தொடைக்கு நடுவே இறக்கி, பந்து பிடிக்கிறவர் வீசுகிறவருக்கு ரகசியமாகச் சைகை காட்டுவாரே, அப்படிக் காட்டினார். ஐந்து விரல். பிறகு கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். நாலு.

அந்தக் காலத்தில் எந்த மாதிரிப் பந்து வீசலாம் என்று சைகை காட்டுவது ஒகிஷிமாவின் வேலை. வேண்டாம் என்று தலையாட்டுவது ஹமாகவாவின் வேலை. எத்தனை ஆட்டத்தில் எத்தனை முறை ஆட்டியிருப்பார், வீம்புக்காரர்! கைக்கு வந்த வாய்ப்பை ஒகிஷிமா விடுவாரா? முகத்தை நன்றாக உம்மென்று வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக நிதானமாகத் தலையை ஆட்டினார்.

ஹமாகவா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அவர் சிரித்த சிரிப்பு மேசைவரை கேட்டது.