மிரெய்ல் பின்னோக்கி ஓட்டினாள்

செவென் மலைச்சாலையில் காரை என் மனைவி மிரெய்ல் ஓட்டினாள். ஐம்பத்தெட்டு வயதில், போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கியவள். காருக்குப் பின்னால் நாங்கள் தங்கும் கேரவனைக் கட்டியிருந்தோம். ஒரு வளைவில் வைக்கோல் டிராக்டர் எதிரே வந்து நின்றது. விலக இடமில்லை, ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

டிராக்டர்காரர் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க ரிவர்ஸ் எடுங்க. அம்மாவால ஆகாது," என்றார்.

"ஸ்டியரிங் என் கையில இருக்கு, அவர்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றாள் மிரெய்ல்.

வழிகாட்ட இறங்கப் போனேன்.

"பேசாம உக்காரு லுசியன். நீ கத்துனா எனக்குப் பதறும்."

கண்ணாடியைப் பார்த்தபடியே நூறு மீட்டர் பின்னோக்கிப் போய், அகலமான இடத்தில் ஒதுங்கினாள். ஒரு கீறல்கூட விழவில்லை. டிராக்டர்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"இன்னிக்கு எங்க புல்வெளியிலேயே தங்கிக்குங்கம்மா."

மாலையில் அவர் மனைவி ஆட்டுப்பால் சீஸ் கொண்டுவந்து, "அவ்வளவு தூரம் ரிவர்ஸ் எடுத்தது யாரு?" என்றாள்.

மிரெய்ல் வாய் திறக்குமுன், "என் பெண்டாட்டி!" என்றேன்.