என் தேடலில் பிறந்த மூன்று மரநாய்கள்

1

இந்தக் கதை என் அண்ணியிடமிருந்து திருடியது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

அண்ணிக்கு வனத்துறையில் வேலை. வீடுகளை ஒட்டி வாழும் விலங்குகளை, நாம் இணையத்தில் தேடுவதை வைத்து எண்ணுகிறார். கேமரா வைத்து எண்ணிய தெருக்களில் எத்தனை மரநாய்க்கு எத்தனை தேடல் என்று பார்த்துக்கொண்டு, அதே விகிதத்தை மற்ற தெருக்களுக்கும் போடுவார். பாதிப் பேர் ‘மரநாய்’ என்றே தேடுவதில்லை. ‘கூரையில் ஓடும் சத்தம்’ என்பார்கள். ‘வீட்டில் பேய் இருந்தால் என்ன அறிகுறி’ என்பார்கள். அண்ணி பேயையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்.*

(* நிஜமாகவே பேயாக இருந்தால்? கேட்டேன். “பேய் எச்சம் போடாது, தம்பி” என்றார்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்த மரநாய் தன் தனிமையை எண்ணி—

(அடித்துவிட்டேன். என் தனிமையை அதன் தலையில் ஏன் கட்ட வேண்டும்?)

இரண்டாவது: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தோப்பு. அதை வெட்டி வண்டி நிறுத்தப் பார்க்கிறார்கள். தோப்பிலும் சுற்றியுள்ள நாலு தெருவிலும் சேர்த்துப் பத்து மரநாயாவது இருந்தால் வெட்டக் கூடாது என்று விதி. அண்ணி செவ்வாய்க்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் கணக்கில் பன்னிரண்டு.

அத்தோடு சுபம் போட்டிருப்பேன்.

3

ஞாயிறு மதியம் அண்ணி மடிக்கணினியோடு வந்தார். முகம் சரியில்லை.

“தம்பி, ‘மரநாய் அழுமா’ன்னு தேடினது நீங்களா?”

“ஆமா அண்ணி. கதைக்காக.”

“‘மரநாய்க்குப் பொறாமை உண்டா’?”

“அதுவும் நான்தான்.”

“உங்க ஒரு ஆளால மூணு மரநாய் கூடிப்போச்சு. கழிச்சா ஒன்பதுதான்.”

“யாருக்குத் தெரியப்போகுது? விட்டுடுங்களேன்.”

“எனக்குத் தெரியுமே.”

[இங்கே அண்ணிக்கு ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன். உண்மையில் அவர் அவ்வளவுதான் சொன்னார்.]

4

என்னுடையவை என்று கழித்து வைத்திருந்த மிச்சத் தேடல்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் தலையைக் குனிந்தபடி ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன்.

“‘கூரைக்குள் கீச் கீச் சத்தம், தாயைக் காணோம், பால் வைக்கலாமா’. இது ஆறு தடவை.”

“இது நான் இல்ல அண்ணி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“எனக்கு இப்படித் தோணவே இல்ல. தோணியிருந்தா கதை உருப்பட்டிருக்கும்.”

அண்ணி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். “குட்டி போட்டிருக்கு. எந்த வீடுன்னு இதுல தெரியாது, இந்த நாலு தெருவுக்குள்ளதான். கண்ணால பாத்துட்டா கணக்குல சேத்துக்கலாம். ஏணி இருக்கா?”

5

முடிவு ஒன்று: குட்டிகள் கிடைக்கின்றன, தோப்பு பிழைக்கிறது.

முடிவு இரண்டு: அது ஏதோ எண்ணெய் போடாத மின்விசிறி, அண்ணி ஒன்பது என்றே எழுதி—

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

இரண்டும் என் கையில் இல்லை. ஆறு தடவை தேடியது நான் இல்லையே. ஒருவேளை நீங்களாக இருக்கலாம். கூச்சப்படாதீர்கள், பேய் என்று தேடியவர்களையே நாங்கள் மரியாதையாகத்தான் எண்ணினோம். இப்போது மூன்றாவது தெருவில் வந்துகொண்டிருக்கிறோம். முன்னால் டார்ச்சோடு அண்ணி, பின்னால் ஏணியோடு நான். கதவைத் தட்டினால் திறங்கள்.

அதுவரை பால் வைக்க வேண்டாம். குட்டிக்கு ஒத்துக்கொள்ளாதாம், அண்ணி சொல்லச் சொன்னார்.