கேட்டதற்கு மட்டும் பதில்

டிரோனைப் பறக்கவிடுவதற்கு முன் என் வீட்டுக்காரர் அதைச் சோதிக்கும் அழகே தனி. அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், நான் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வேன். அன்றைக்கு மட்டும் நடுவில் என் தம்பி நின்றான். நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

முந்தின ராத்திரி கம்ப்யூட்டரில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். "அந்த மெமரி கார்ட..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்!" என்று எரிந்து விழுந்தார். சரிங்க மகராசா என்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

காலையில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள், அதை மேலிருந்து படம் எடுக்கவேண்டும். தொட்டி ஒரு தடவைதான் விழும். 'சார், இன்னொருவாட்டி விழச் சொல்லுங்க' என்று கேட்கமுடியுமா? சொதப்பினால், இந்த வேலையைக் கொடுத்த இன்ஜினியர் இனி எங்களை எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டார். எங்கள் பிழைப்பே அவரை நம்பித்தான்.

"மச்சான், பேட்டரி சரியா உக்காந்திருக்கான்னு உங்க அக்காகிட்ட கேளு."

"அக்கா, பேட்டரி..."

"எனக்கென்ன காது செவிடா? உக்காந்திருக்குன்னு சொல்லு."

"உக்காந்திருக்காம் மாமா."

"இறக்கை நாலுலயும் விரிசல் இருக்கா?"

"இல்லையாம் மாமா."

மோட்டாரில் மண், கேமரா மூடி, திசைகாட்டி, ஒன்றையும் விடவில்லை. மெமரி கார்டை மட்டும் கேட்கவில்லை. அதைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிய மனுஷன் அவர். எடுத்துவந்தவள் நான். அது என் உள்ளங்கையில் கிடந்தது. கார்டு இல்லை என்று ரிமோட் திரையின் மூலையில் பொடி எழுத்தில் வரும், அந்த வெயிலில் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

வெடிக்கப்போகிறோம் என்று எச்சரிக்கும் முதல் சங்கு ஊதியது. சொல்லித் தொலையேன்டி என்றது மனசு. வார்த்தை தொண்டைவரை வந்தது. ராத்திரி எரிந்து விழுந்தாரே, அது ஞாபகம் வந்ததும் திரும்ப உள்ளே போய்விட்டது. பாழாய்ப்போன வீம்பு!

"மாமா, கிளப்பிடலாமா?" என்றான் தம்பி.

அவர் ரிமோட்டைத் தூக்கியவர், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். என் மூக்கு விடைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாரே. தம்பியை ஒதுக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்மா... வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

கையை விரித்தேன். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. கார்டைப் பிடுங்கிச் சொருகினார். டிரோன் மேலே போகவும் அடுத்த சங்கு ஊதவும் சரியாக இருந்தது. தொட்டி அம்சமாக விழுந்தது. படமும் அப்படியே விழுந்தது. இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் சோதனையின் கடைசியில் 'வேற ஏதாச்சும் சொல்லணுமா?' என்று அவர் தவறாமல் கேட்கிறார். நானும் வஞ்சகம் இல்லாமல் பதில் சொல்கிறேன். போன வாரம் நான் அவர் தங்கச்சி விஷயத்துக்கு வருவதற்குள் டிரோன் பேட்டரியே தீர்ந்துவிட்டது.