மாடித் தொட்டியில் ஒரு மொட்டு

காலை நாலரைக்கு முத்துச்செல்வி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். பாதியாக அறுத்த நீல டிரம்மில், இலைகளுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் மொட்டு நின்றது. நேற்றைவிடப் பருத்திருந்தது, விரியவில்லை. ஐந்து பத்துக்குக் கம்பெனி பஸ். நின்று தலைவாரக்கூட நேரமில்லாத பிழைப்பில் இதற்கு மட்டும் தினமும் இரண்டு நிமிஷம் வைத்திருந்தாள்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவள். தாமரை என்றால் அவளுக்குப் பூக்கடையில் கூம்பிக் கிடப்பதுதான். ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்கு வந்து, கல்யாணமாகி, இரண்டு கரு தங்காமல் போய், இனிமேல் கஷ்டம்தான் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்ட பிறகு, லைனில் கூட நிற்கிறவள் ஒரு வழி சொன்னாள். கையால் வளர்த்த தாமரையின் முதல் பூவை மணிமங்கலத்துப் பெருமாள் கோயில் தாயாருக்குச் சாத்தினால் மடி நிறையுமாம். கீழ்வீட்டு முனியம்மாள் ஏரியிலிருந்து கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். எட்டு மாதம் வெறும் இலை. இந்த வாரம்தான் மொட்டு. மொட்டாகவே பறித்துக் கொடுத்தாலும் கோயிலில் வாங்கிக்கொள்வார்கள். இவளுக்கு மனசு வரவில்லை. மொட்டிலேயே இரண்டு போயிற்று, இதுவாவது பூக்கட்டும். பூக்கிற அன்றைக்கு லீவு போட்டுவிடுவது, சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும் என்றிருந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கதைதான். இருட்டில் கிளம்பும்போது கூம்பியிருந்தது. மாலை ஐந்துக்குத் திரும்பி வந்தாலும் கூம்பியிருந்தது. நிறம் கொஞ்சம் வெளுத்தாற்போல் தோன்றியது, செல்போன் வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தாள். நாளைக்குப் பூத்துவிடும் என்று மூன்று நாளும் சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் மாலை தண்டும் அதன் தலையில் பச்சைக் காயும்தான் நின்றன. இதழெல்லாம் தண்ணீரில் கிடந்தன. முனியம்மாள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டிப்போச்சாம்மா? மூணு நாளா காத்தால இன்னா அழகா விரிஞ்சிக்கினு இருந்துச்சு, தட்டு மேரி! மத்தியானமானா மூடிக்கும். நீ சாமிக்கு வெச்சிக்கினு கீறேன்னு நான் கைய வெக்கல. ஏன் பறிக்காம வுட்டே?"

முத்துச்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயிலுக்கு விரிந்து வெயிலோடு மூடிக்கொள்கிற பூ. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். வெயிலையே பார்க்காதவளுக்கு யார் சொல்வது? அடுத்த வாரம் அவளுக்கு பி ஷிஃப்ட். காலை முழுக்க வீட்டில்தான் இருப்பாள்.

முனியம்மாள் இறங்கிப் போனாள். யூனிஃபார்ம் எடுக்க அருள்பாண்டி வந்தான். ஆறு மணி பஸ்ஸில் நைட் ஷிஃப்டுக்குப் போகிறவன். புருஷனும் பெண்டாட்டியும் விழித்த கண்ணோடு பார்த்துக்கொள்வது இந்த ஒரு மணி நேரம்தான். சோறு இருக்கிறதா, கேஸ் வந்ததா என்பதற்கே அது சரியாகப் போய்விடும். இரண்டாவதும் போன பிறகு பிள்ளைப் பேச்சு வீட்டில் இல்லை. இந்தத் தாமரை எதற்கு என்று அவளும் சொன்னதில்லை.

"நீங்க பூவப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. காலைல வந்து துணி காயப்போடயில, மூணு நாளும்." சட்டையைக் கொடியிலிருந்து உருவினான். "நீயும் பாத்திருப்பேன்னுல்லா நெனச்சேன்."

அவள் வாயைத் திறந்தாள். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல. போங்க, பஸ்ஸு போயிரும்."

அவன் படியில் தடதடவென்று இறங்கினான். அவள் சம்மணமிட்டு, தண்ணீரில் கைவிட்டு, இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடி நிறைந்தது. ஈரம் சுடிதாரில் ஊறி வயிற்றில் ஒட்டியது. டிரம்மில் இதழ் தீர்ந்த பிறகும் அவள் கை தண்ணீருக்குள் துழாவிக்கொண்டேயிருந்தது.