வரி அதிகாரியின் ஒப்பாரி

துர்துபெக் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். பல வருஷம் முதுகை விற்று, நகரத்தின் ஓரத்தில் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் வாங்கினான். நிலம் வந்தது, முதுகு போனது, சுவர் வைக்கக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அது தெரிந்ததுபோல வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். வாங்கி இரண்டு வருஷமாகியும் குடியேறாத நிலம் தரிசாம். தரிசுக்கு மூன்று மடங்கு வரியாம். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் பார்க்க வருவாராம்.

வரியைக் கட்டினால் செங்கல் வாங்க முடியாது. செங்கல் வாங்காவிட்டால் அடுத்த வருஷமும் தரிசு. வீடு கட்டாதவனிடம் தண்டம் வாங்கி, அந்தத் தண்டத்தாலேயே அவனை வீடு கட்டவிடாமல் செய்கிற வித்தை அரசாங்கத்துக்குத்தான் வரும்.

துர்துபெக் மலைக்குப் போனான். மனைவியின் மாமாவிடம் கம்பளிக் கூடாரத்தை இரவல் வாங்கி, லாரியில் ஏற்றிவந்து நிலத்தின் நடுவில் நட்டான்.

"மலையில இதுதானே வீடு? நான் பொறந்ததே இப்படி ஒண்ணுக்குள்ளதான். இனி எவன் தரிசுன்னு சொல்றான்னு பாக்கறேன்."

மனைவி சாய்ரா நகரத்தில் வளர்ந்தவள். "மலையில சரிய்யா. டவுனுக்குள்ள முற்றத்துல இதை எதுக்குப் போடுவாங்க? பொணத்தைக் கிடத்தத்தான் போடுவாங்க."

"நெனைக்கறவன் நெனைக்கட்டும். வரியை அவனா கட்டப்போறான்?"

வெள்ளிக்கிழமை காலை வாசலில் மண்வெட்டியோடு சேறு குழைத்துக்கொண்டிருந்தான். உள்ளே சாய்ரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அலுவலகக் கார் ஒன்று சாலையில் நின்றது. பருத்த மனிதர் இறங்கினார், கூடாரத்தைப் பார்த்தார், திகைத்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், தொப்பியை இறக்கினார், இடுப்பை வளைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ என் அண்ணா! மலையாட்டம் இருந்து சாஞ்சிட்டியே!"

செத்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் 'என் அண்ணா' என்று அழுதுகொண்டுதான் சாவு வீட்டுக்கு வரவேண்டும். அப்படி வருகிறவனுக்கு, வாசலில் கோலூன்றி நிற்பவன் திருப்பி அழவேண்டும். அழாவிட்டால் செத்தவனுக்கு அவமானம். துர்துபெக் யோசிக்கவே இல்லை. மண்வெட்டிக் காம்பில் தலையைச் சாய்த்தான். "ஐயோ என் அண்ணா!" என்று அவன் குரலும் கிளம்பிவிட்டது. உள்ளேயிருந்த சாய்ராவுக்கு நிலைமை புரிந்தது. செத்தவன் மனைவி உட்காருகிற மாதிரி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள்:

"நெலம் வாங்கப் போனியே என் ராசா
முதுகை வித்துப் போட்டியே
வாங்கையில ஒரு வரி
வச்சிருந்தா ஒரு வரி
சும்மா கெடந்தா மூணு வரி
சுவரில்லாத வீட்டுக்குள்ள
சோறாக்க விட்டியே!"

அதிகாரி விம்மிவிட்டார். டீயும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும் வந்தன. அவர் சில சோம் நோட்டுகளைத் துர்துபெக்கின் கையில் திணித்தார்.

"நான் வரி ஆபீஸ் மம்பெதாலி. துர்துபெக்கைப் பாக்க வந்தேன். இந்தக் கோலத்துல பாப்பேன்னு நெனைக்கல. நீ தம்பியா? கவலைப்படாதே. செத்தவர் நெலத்துக்கு முதல் திவசம் முடியற வரைக்கும் மூணு மடங்கு போடமாட்டோம். நாங்களும் மனுஷங்கதானே?"

அலுவலகத்தில் கருணை இருந்தது. அதை வாங்க ஆள் சாகவேண்டும், அவ்வளவுதான். ஒரு தலையாட்டல் போதும், ஒரு வருஷம் தப்பிக்கலாம். துர்துபெக் தலையை அசைக்கப்போனான். சாய்ரா திரும்பிப் பார்த்தாள். 'ஆட்டு, ஆட்டி என்னை அறுதலியாக்கு' என்றது அந்தப் பார்வை.

"அண்ணே... நான்தான் துர்துபெக்."

மம்பெதாலியின் வாயில் மாவுத்துண்டு நின்றது. "அப்ப உள்ள கெடக்கறது?"

"உருளைக்கிழங்கு மூட்டை."

"நான் யாருக்குய்யா அழுதேன்?"

"எனக்குத்தான் அண்ணே. நல்லா அழுதீங்க. கூடப்பொறந்தவன்கூட இப்படி அழமாட்டான்."

"அரசாங்கத்தையே ஏமாத்தறியா?"

"என் பாட்டுல எது பொய்யி? சொல்லுங்க பாப்போம்!" என்றாள் சாய்ரா.

மம்பெதாலியின் கண் துர்துபெக்கின் கைக்குப் போனது. தான் கொடுத்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவுக்குக் கொடுத்த காசு திரும்பச் சட்டைப்பைக்குள் போனால், அடுத்த சாவு அந்தச் சட்டைக்காரன் வீட்டில். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது சாலைப் பக்கம் இன்னொரு அழுகைச் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரிக்காரன் லாரியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தான்.

"உங்க காரைப் பாத்துட்டான் அண்ணே" என்றான் துர்துபெக். " வரி ஆபீசரே வந்து அழுதாரே, எவ்வளவு பெரிய மனுஷன் செத்தானோன்னு வர்றான். உயிரோட இருக்கறவனுக்கு அழுதீங்கன்னு தெரிஞ்சா சந்தை பூராச் சொல்லிருவான்."

மம்பெதாலி சட்டென்று தோல்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். "சரிய்யா, சரி. ஆள் குடியிருக்கற நெலம்னு எழுதிக்கறேன். தரிசு வரி கிடையாது. ஆனா குடியிருந்தா வீட்டு வரி உண்டு."

"இந்த வட்டக் கூடாரத்துக்கா?"

"கதவு இருக்கில்ல?"

துர்துபெக் கையிலிருந்த நோட்டுகளை அப்படியே நீட்டினான். "இந்தாங்க, வீட்டு வரி."

மம்பெதாலி ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கித் தோல்பைக்குள் போட்டார். அது அரசாங்கத்தின் பை. சாவு வந்தால் அரசாங்கத்துக்கு வரட்டும்.

"ரசீது கேட்டு வாங்குய்யா!" என்றாள் சாய்ரா உள்ளேயிருந்து.

மம்பெதாலி முழங்காலில் வைத்து அவசரமாக எழுதினார். "உயிரோட இருக்கறவர் பேருலதானே?"

"வரி கட்டற வரைக்கும் உயிரோடதான் அண்ணே" என்றான் துர்துபெக். ரசீதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, லாரிக்காரன் பக்கத்தில் வருவதற்குள் மண்வெட்டிக் காம்பில் மறுபடி தலையைச் சாய்த்தான்.