றெஜினா சோறு தின்ற நாள்

எமிலியானா இரண்டாவது கோப்பையில் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றுகிற நேரம் பார்த்துத்தானா துவக்குக்காரச் சிப்பாய்கள் படலையை உதைத்துக்கொண்டு வரவேண்டும்? புருசன் செபமாலை விறகுக் கொட்டிலுக்குக் கீழே வெட்டின குழிக்குள் பதினொரு நாளாகப் பதுங்கிக் கிடக்கிறான். வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று உப்புவெளி ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அந்தக் கிழமை பிடித்துக்கொண்டு போன ஆம்பிளைகளில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

வீட்டில் இருக்கிற மற்ற ஆள் தங்கச்சி றெஜினா. அவள் சாப்பிடுவதில்லை. இரண்டு வருசமாகக் காலைப் பூசையில் வாங்குகிற நற்கருணையும் தண்ணீரும், அவ்வளவுதான். களவாய்த் தின்னுகிறாள் என்றுதான் எமிலியானாவும் முதலில் நினைத்தாள். குசினியைப் பூட்டிப் பார்த்தாள், பக்கத்தில் படுத்துக் காவலிருந்தாள், கடைசியில் தோற்றுப்போய்த் தங்கச்சிக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். ஊர் அவளை உயிரோடேயே புனிதையாக்கிவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைகளை அவள் காலடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

குடியைக் கெடுத்ததும் அந்தப் பெருமைதான். அடுத்த வீட்டு அன்னப்பிள்ளை, நல்லது செய்கிறேன் என்று நினைத்து வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

“ஐயா, அந்த அறைக்குள்ள போகாதேங்கோ. அவ புனிதை. நற்கருணையைத் தவிர ஒண்டும் வாயில வைக்கமாட்டா. இந்த வீட்டில சோறு தின்னுறது தமக்கை ஒராள்தான்.”

அதிகாரி திரும்பிக் கோப்பைகளைப் பார்த்தான்.

“தின்னுறது ஒராள். கோப்பை ரெண்டு. மற்றது யாருக்கு?”

துவக்குப்பிடி எமிலியானாவின் வாயில் இறங்கியது. தன் பல் இரண்டு நிலத்தில் கிடந்ததை அவளே கண்டாள். தலைமயிரில் பிடித்து முற்றத்துக்கு இழுத்து, வலது முழங்கையில் சப்பாத்துக் காலால் ஏறி மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு அங்கால் கேட்டது. பாழ்படுவான் ஒருத்தன் விறகுக் கொட்டில் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

“அது என்ர சோறு, ஐயா.”

றெஜினா அறைவாசலில் நின்றாள்.

“காணும் அக்கா, போதும் சனத்தை ஏமாத்தினது. ஒவ்வொரு நாளும் தின்னுறனான்தானே.”

நிலத்தில் குந்தி, கோப்பையை மடியில் வைத்து, அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். மீனை முள்ளோடு சப்பினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. இவள் பொய் சொல்கிறாள், இவள் தின்னாதவள் என்று கத்தவேண்டும்போல எமிலியானாவுக்கு நெஞ்சு வெடித்தது. கத்தினால் செபமாலை செத்தான். கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் புனிதை தின்னுகிறதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பாதியில் திரும்பி வந்தான்.

“சீ, கள்ளி,” என்று அன்னப்பிள்ளை வேலிக்கு மேலால் காறித் துப்பினாள். “என்ர பிள்ளையை உன்ர காலடியில கிடத்தினனான்.”

இரண்டு வருசம் வெறுமையாய்க் கிடந்த வயிறு சோற்றைத் தாங்குமா? றெஜினாவுக்கு ஓங்காளித்தது. சத்தி எடுத்தால் அதிகாரிக்கு விளங்கிவிடும். இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, மேலே வந்ததைத் திரும்ப விழுங்கினாள். அப்படியும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு நேரே இருந்தான்.

“இன்னும் போடு,” என்றான் எமிலியானாவிடம்.

எமிலியானா எழும்பி, இடது கையால் அகப்பையை எடுத்தாள். றெஜினா கோப்பையை நீட்டினாள்.